துபாயா, சிங்கப்பூரா, டொரண்டோவா? மதுரையிலிருந்து கிளம்புமுன் போட வேண்டிய கணக்கு

கையில் இரண்டு ஆஃபர் லெட்டருடன் வருபவர்கள் கூடவே ஒரு தாளும் கொண்டுவருகிறார்கள். இரண்டு சம்பளத்தையும் ரூபாயாக மாற்றி எழுதி, எது பெரியதோ அதன் கீழே கோடு போட்டிருப்பார்கள். "இதுதானே சார் சரி?" என்பதுதான் கேள்வி. வெளிநாட்டில் இருக்கும் மதுரைக்காரர்களின் வருமான வரிக் கணக்கைப் பார்த்துக் கொடுப்பது என் தொழில். அந்தக் கோடு போட்ட எண்ணுக்கும், சில ஆண்டுகள் கழித்து அதே நபரின் வங்கிக் கணக்கில் நிற்கும் தொகைக்கும் பெரும்பாலும் ஒட்டும் இருக்காது, உறவும் இருக்காது.

நம் பக்கத்திலிருந்து கிளம்புபவர்கள் அதிகம் தடுமாறுவது துபாய், சிங்கப்பூர், கோலாலம்பூர், டொரண்டோ என்ற நான்கு ஊர்களுக்கு இடையில்தான். விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை. இங்கே தரும் தொகைகளைக் கையெழுத்துப் போடுமுன் அந்தந்த அரசின் இணையதளத்தில் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

## எதை வைத்து அளப்பது

முதல் கேள்வி: திரும்பி வரப் போகிறீர்களா, அங்கேயே தங்கப் போகிறீர்களா? இதற்குப் பதில் இல்லாமல் சம்பளத்தை ஒப்பிடுவது வீண் வேலை. துபாய் திரும்பி வருபவர்களின் ஊர். டொரண்டோ தங்குபவர்களின் ஊர். சிங்கப்பூர் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதனால்தான் அங்கே போனவர்களுக்குக் குழப்பம் அதிகம். "போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்" என்பவர்கள் தாராளமாகப் பார்க்கலாம். ஆனால் பிள்ளை ஐந்தாம் வகுப்பு முடிப்பதற்குள் பார்த்து முடித்துவிட வேண்டும்.

இரண்டாவது, மாதக் கடைசியில் கையில் நிற்கும் பணம். மூன்றாவது, வீட்டாரின் நிலைமை: மனைவியோ கணவரோ அங்கே வேலைக்குப் போக முடியுமா, பெற்றோரைக் கூட்டிக்கொள்ள முடியுமா? நான்காவது, அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்று இரவு பத்து மணிக்குப் போன் வந்தால் எப்போது மதுரை வந்து சேர முடியும்? ஐந்தாவது, வேலை போய்விட்டால் எத்தனை நாள் அந்த ஊரில் இருக்க விடுவார்கள்?

| | துபாய் | சிங்கப்பூர் | கோலாலம்பூர் | டொரண்டோ |
|---|---|---|---|---|
| சம்பளத்துக்கு வருமான வரி | இல்லை | 0 முதல் 24% வரை, படிப்படியாக | 0 முதல் 30% வரை, படிப்படியாக | மத்திய வரி, மாகாண வரி இரண்டும் |
| சட்டப்படி ஆண்டு விடுப்பு | 30 நாள்காட்டி நாள்கள் | முதல் ஆண்டு 7 வேலை நாள்; ஏறி ஏறி 14 | முதல் இரண்டு ஆண்டு 8 நாள்; பிறகு 12, 16 | 2 வாரம்; ஐந்து ஆண்டுக்குப் பின் 3 |
| துணைவர் வேலை | வேலை அனுமதி எடுத்துச் செல்லலாம் | தனக்கென வேலை அனுமதி பெற வேண்டும் | குடும்ப விசாவில் முடியாது | நிரந்தர வசிப்புரிமை என்றால் தடையில்லை |
| மதுரை வந்து சேர | பாதி நாள் | பாதி நாள் | பாதி நாள், திருச்சி வழியாக | ஒரு நாளுக்கு மேல் |
| வேலை போனால் | சலுகைக் காலம் முடிவதற்குள் வேறு வேலை | பொதுவாக 30 நாள் | விசா ரத்தாகும்; கிளம்ப வேண்டியதுதான் | வசிப்புரிமை இருந்தால் தங்கலாம் |
| குடியுரிமை | எதிர்பார்க்க வேண்டாம் | உண்டு. தேர்வு கடுமை | மிக அரிது | ஐந்து ஆண்டுக்குள் 1,095 நாள் வசித்தால் விண்ணப்பிக்கலாம் |

## துபாய்

வரி இல்லை என்ற ஒற்றை வரியில் மயங்கிப் போகிறவர்கள் அதிகம். வரி இல்லை என்பது உண்மைதான். ஆனால் வரிக்குப் பதிலாக வாடகையும் பள்ளிக் கட்டணமும் உட்கார்ந்திருக்கின்றன.

வாடகையை எடுத்துக்கொள்வோம். நம் ஊரில் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு மாதாமாதம் வாடகை தருவோம். துபாயில் ஆண்டு வாடகையைப் பேசி, அதைச் சில காசோலைகளாகப் பிரித்து, பின்தேதியிட்டு முன்கூட்டியே வீட்டுக்காரரிடம் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ஓர் உதாரணம்: ஆண்டு வாடகை 60,000 திர்ஹம், நான்கு காசோலை என்று வையுங்கள். முதல் காசோலை 15,000. திருப்பித் தரக்கூடிய முன்பணம் வழக்கமாக 5 சதவீதம், அதாவது 3,000. புரோக்கர் கமிஷன் இன்னொரு 5 சதவீதம், 3,000. மின்சாரம், தண்ணீர் இணைப்புக்கு அடுக்குமாடி வீட்டுக்கான வைப்புத்தொகை 2,000. ஆக, புது வீட்டில் பால் காய்ச்சுவதற்கு முன்பே 23,000 திர்ஹம் வெளியே போயிருக்கும். நம் பணத்தில் ஐந்து லட்சத்துக்கு மேல். இது போதாதென்று நகராட்சியின் வீட்டுக் கட்டணம் என்று ஆண்டு வாடகையில் 5 சதவீதத்தைப் பன்னிரண்டாகப் பிரித்து மாதாமாதம் மின் கட்டணத்தோடு சேர்த்து வாங்குவார்கள். முதல் மாதச் சம்பளத்தில் குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒரு முறை எழுதிப் பார்க்கட்டும்.

வாடகைக்குப் பயந்து ஷார்ஜாவில் வீடு பிடிப்பது பழைய உத்தி. வாடகை குறையும், பதிலுக்குத் தினமும் காலையும் மாலையும் சாலை நெரிசலில் வாழ்க்கை போகும். சாலிக் எனப்படும் சாலைச் சுங்கமும் உண்டு, கூட்ட நேரத்தில் ஒரு வாயிலுக்கு 6 திர்ஹம். கட்டை பிரம்மச்சாரிக்குச் சரிப்படும். பிள்ளை குட்டியோடு இருப்பவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

ஆஃபர் லெட்டரில் எல்லாரும் மொத்தத் தொகையைப் பார்க்கிறார்கள். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று பாருங்கள். வேலையை விட்டு வரும்போது கிடைக்கும் பணிக்கொடை அந்த அடிப்படைச் சம்பளத்தின் மேல்தான் கணக்கிடப்படும்: முதல் ஐந்து ஆண்டுக்கு ஆண்டுக்கு 21 நாள் சம்பளம், அதற்கு மேல் 30 நாள். இரண்டு நிறுவனங்கள் 12,000 திர்ஹம் தருகின்றன. ஒன்றில் அடிப்படை 7,200, மற்றதில் 3,600 என்று கொள்வோம். ஐந்து ஆண்டு முடிவில் முதலாமவருக்கு 25,200 திர்ஹம், இரண்டாமவருக்கு 12,600. மாதச் சம்பளம் இருவருக்கும் ஒன்றுதான். பேரம் பேச வேண்டிய இடம் இது; நம்மவர்கள் பேசுவதே இல்லை.

2023 ஜனவரியிலிருந்து வேலையிழப்புக் காப்பீடு கட்டாயம். மாதம் 5 அல்லது 10 திர்ஹம்தான். வேலை போனால் அடிப்படைச் சம்பளத்தில் 60 சதவீதம் மூன்று மாதம் வரை கிடைக்கும். இங்கேயும் பாருங்கள், அடிப்படைச் சம்பளம்தான்.

துபாயின் பெரிய பலம் இரண்டு. ஒன்று விடுப்பு: ஆண்டுக்கு 30 நாள். சித்திரைத் திருவிழாவுக்கு ஊருக்கு வந்து, கொடியேற்றத்திலிருந்து அழகர் ஆற்றில் இறங்குவது வரை இருந்துவிட்டுப் போகிறவர்கள் பெரும்பாலும் வளைகுடாக்காரர்கள்தான். இரண்டாவது பள்ளி: கட்டணம் கூடுதல்தான், ஆனால் அங்கே சி.பி.எஸ்.இ. பாடத்திட்டம் தாராளமாகக் கிடைக்கிறது. எட்டாம் வகுப்பில் திரும்பி வந்தாலும் பிள்ளை இங்கே அப்படியே சேர்ந்துகொள்ளும். திரும்பி வருவது உறுதி என்றால் இதற்கு விலையே கிடையாது.

## சிங்கப்பூர்

தமிழுக்கு ஆட்சிமொழித் தகுதி, பள்ளியில் தாய்மொழிப் பாடமாகத் தமிழ், தீபாவளிக்குப் பொது விடுமுறை, சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயில். இதெல்லாம் ஏற்கெனவே தெரிந்ததுதான். தெரியாமல் போவது அனுமதி அட்டையின் கணக்கு.

பட்டதாரிகளுக்கான எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு 2025 ஜனவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 5,600 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். நிதித் துறைக்கு 6,200. இது இளைஞர்களுக்கான தொகை. வயது ஏற ஏற வரம்பும் ஏறி, நாற்பதுகளின் நடுவில் 10,700 வெள்ளியைத் தொடும். 28 வயதில் எளிதாகக் கிடைத்த பாஸ் 40 வயதில் புதுப்பிக்கப்படாமல் போவதற்கு இதுவே காரணமாகலாம். உங்கள் சம்பளம் அந்த வேகத்தில் ஏறுமா என்று இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த வரம்பு 6,000 வெள்ளி. மாத நிலைச் சம்பளம் இதைத் தொட்டால்தான் மனைவி மக்களை அழைத்துக்கொள்ள முடியும். 5,800க்கு ஆஃபர் வாங்கிவிட்டு மகிழ்ந்திருக்கும் குடும்பஸ்தர் அந்த 200 வெள்ளிக்காகத் தனியாக வாழ வேண்டியிருக்கும். பெற்றோரை அழைக்க வேண்டுமானால் 12,000 வெள்ளி. மனைவி சும்மா இருக்கப் போவதில்லை, அவரும் பொறியாளர் என்றால் இன்னொரு விஷயம்: 2021 மே மாதத்திலிருந்து குடும்ப அட்டையில் வந்தவர் வேலைக்குப் போகத் தனக்கென்று தனி வேலை அனுமதி வாங்க வேண்டும். இரண்டு சம்பளத்தை நம்பிக் கணக்குப் போட்ட வீடுகளில் முதல் அடி இங்கேதான் விழுகிறது.

வாடகை வீட்டிலும் ஒரு சூட்சுமம் உண்டு. எச்.டி.பி. எனப்படும் அரசு வீடமைப்பு வாரியத்தின் அடுக்குமாடிகளில் முழு வீட்டை வாடகைக்கு எடுக்க, மலேசியர் அல்லாத வெளிநாட்டவருக்கு ஒதுக்கீடு இருக்கிறது: வட்டாரத்தில் 8 சதவீதம், ஒரே கட்டடத்தில் 11 சதவீதம். வீடு காலியாக இருக்கும், வீட்டுக்காரருக்கும் சம்மதம், உங்களிடம் பணமும் இருக்கும். ஆனால் அந்தக் கட்டடத்தின் ஒதுக்கீடு நிரம்பியிருந்தால் கிடையாது. அறை மட்டும் எடுப்பவர்கள் விளம்பரத்தைக் கடைசி வரிவரை படிக்க வேண்டும். "லேசான சமையலுக்கு மட்டும் அனுமதி" என்றிருந்தால் வெந்நீரும் நூடுல்ஸும் என்று பொருள். மீன் குழம்பு வைத்து, கடுகு தாளித்துச் சாப்பிட நினைப்பவர் சமையலைப் பற்றி முதலிலேயே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். வாடகை ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வையும் வாடகைக்கு இருப்பவர்தான் கட்ட வேண்டும்: நான்கு ஆண்டு வரையான ஒப்பந்தத்துக்கு மொத்த வாடகையில் 0.4 சதவீதம்.

வரி குறைவு. வரிக்குரிய வருமானம் 80,000 வெள்ளி என்றால் ஆண்டு வரி 3,350 வெள்ளிதான். ஆனால் மாதாமாதம் பிடிக்க மாட்டார்கள். அடுத்த ஆண்டு மொத்தமாகக் கேட்பார்கள். வேலையை விட்டுக் கிளம்பும்போது நிறுவனம் உங்கள் கடைசிச் சம்பளத்தை நிறுத்திவைத்து, வரிக் கணக்கு தீர்ந்த பிறகே மீதியைத் தரும். ஊருக்குத் திரும்பும் மாதத்துக்கான செலவைத் தனியாக எடுத்து வைத்திருப்பது நல்லது.

இனி பி.ஆர். எனப்படும் நிரந்தரவாசம். அது கிடைத்தால் சி.பி.எஃப். சேமநிதி வரும், முழு விகிதத்தில் உங்கள் பங்கு 20 சதவீதம், முதலாளியின் பங்கு 17 சதவீதம். பாஸில் இருப்பவருக்கு அது இல்லை. ஆனால் ஆண் பிள்ளை உள்ள வீட்டில் கையெழுத்துப் போடுமுன் நின்று யோசிக்க வேண்டும். பெற்றோரின் வழியாக நிரந்தரவாசியாகும் மகன் இரண்டு ஆண்டு தேசிய சேவை செய்தாக வேண்டும். "அப்போது பார்த்துக்கொள்ளலாம்" என்பது இதற்குச் செல்லாது; சேவை செய்யாமல் நிரந்தரவாசத்தைத் துறந்தால் பின்னாளில் அந்தப் பிள்ளைக்கு அங்கே படிப்பும் வேலையும் கிடைப்பது கடினமாகும்.

தூரம் பெரிய சிக்கல் இல்லை. மதுரை, திருச்சி இரண்டு இடத்திலும் சிங்கப்பூர் விமானம் உண்டு. மதுரையில் இல்லாத நாளில் திருச்சிக்கு இறங்கி இரண்டரை மணி நேரம் காரில் வந்தால் போயிற்று.

## கோலாலம்பூர்

இந்த ஊரைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகமில்லை. வாடகையும் சாப்பாடும் சிங்கப்பூரைவிட நன்றாகக் குறைவு. பத்துமலையும் பிரிக்ஃபீல்ட்ஸும் இருக்கும் ஊரில் நம்மவருக்கு அந்நியம் தோன்றாது. இந்தியர்கள் 2023 டிசம்பரிலிருந்து 30 நாள் வரை விசா இல்லாமல் போய்வரலாம் என்ற சலுகையும் நடக்கிறது. பெற்றோர் வந்து போக வசதி.

குறை என்னவென்றால், சம்பளமும் அந்த அளவில்தான். ஆண்டில் 182 நாளுக்குக் குறைவாக அங்கே இருந்தால் பொதுவாக வெளிநாட்டவராகக் கணக்கிட்டு நேராக 30 சதவீதம் வரி பிடிப்பார்கள். ஆண்டின் இரண்டாம் பாதியில் வேலையில் சேர்பவருக்கு முதல் சில மாதச் சம்பளம் அதிர்ச்சி தரும். நாடெங்கும் தமிழ்ப் பள்ளிகள் இருந்தாலும் வெளிநாட்டு ஊழியரின் பிள்ளைகள் போவது பெரும்பாலும் சர்வதேசப் பள்ளிக்கு. அங்கே கட்டணம் வேறு. நிறுவனமே பள்ளிச் செலவை ஏற்றால் போகலாம். இல்லையென்றால் சிங்கப்பூர் கிடைக்காத வருத்தத்தில் மட்டும் கோலாலம்பூரைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

## டொரண்டோ

கனடாவுக்கு வேலையைக் கையில் வைத்துக்கொண்டு போவது குறைவு. பெரும்பாலோர் நிரந்தர வசிப்புரிமையோடு போய் வேலை தேடுகிறார்கள். மற்ற மூன்று ஊரிலும் வேலை போனால் விசா போகும். இங்கே விசா கையில் இருக்கும், வேலைதான் இருக்காது. எந்தக் கவலை உங்களுக்குத் தேவலை என்று பாருங்கள்.

எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற புள்ளி முறையில் வயதுக்கு முழுப் புள்ளி 20 முதல் 29 வரை. 30 ஆனதும் ஆண்டுதோறும் குறையும், 45இல் பூஜ்யம். 2025 மார்ச்சிலிருந்து வேலை வாய்ப்புக் கடிதத்துக்குக் கொடுத்து வந்த கூடுதல் புள்ளிகளையும் எடுத்துவிட்டார்கள். எல்லாத் துறையினருக்குமான தெரிவுச் சுற்றில் 500 புள்ளிக்குக் குறைந்து அழைப்பு வருவது சிரமம். செவிலியர் போன்ற மருத்துவத் துறையினருக்குத் தனித் தெரிவுச் சுற்று உண்டு, அங்கே வரம்பு குறைவு. நான்கு பேர் குடும்பத்துக்கு 28,000 கனடிய டாலருக்கு மேல் வங்கியில் காட்ட வேண்டும். கடன் வாங்கிய பணமாக இருக்கக் கூடாது. மைத்துனரிடம் ஒரு மாதத்துக்கு வாங்கிப் போட்டுக் காட்டலாம் என்பது நடக்காது. ஆறு மாத இருப்பைக் கேட்பார்கள்.

ஸ்கார்பரோவில் தமிழ்க் கடைகளுக்கும் ரிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்கும் குறைவில்லை. அங்குள்ள தமிழர்களில் பெரும்பகுதியினர் ஈழத்திலிருந்து வந்தவர்கள். அவர்கள் கட்டி எழுப்பிய ஊருக்குள் நாம் பிற்பாடு போய்ச் சேர்கிறோம். அரசுப் பள்ளிக்குக் கட்டணம் இல்லை, மருத்துவர், ஆஸ்பத்திரிச் செலவை மாகாணக் காப்பீடு ஏற்கும். பல், மருந்துச் செலவு பெரும்பாலும் உங்களுடையது. குடும்ப மருத்துவர் கிடைக்கவே காத்திருக்க வேண்டியிருக்கும்.

மதுரையில் சொத்து உள்ளவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. கனடாவில் குடியேறிய நாளிலிருந்து உலகத்தில் எங்கே வருமானம் வந்தாலும் அங்கே கணக்குக் காட்ட வேண்டும். கே.கே.நகரில் வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டின் வாடகை அங்கே வருமானம். வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்பும் பணத்துக்கான என்.ஆர்.இ. கணக்கில் போட்ட வைப்புத்தொகைக்கு இந்தியாவில் வரி இல்லை; அந்த வட்டியும் அங்கே வரிக்கு உட்பட்டது. இங்கே கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம்; ஆனால் என்.ஆர்.இ. வட்டிக்கு இங்கே வரியே கட்டவில்லையே, எதைக் கழிப்பது? வாடகை வீடு, வைப்புத்தொகை போன்ற வெளிநாட்டுச் சொத்துகளின் மொத்த அடக்க விலை ஒரு லட்சம் கனடிய டாலரைத் தாண்டினால், முதல் ஆண்டைத் தவிர்த்து ஒவ்வோர் ஆண்டும் டி1135 என்ற படிவம் தர வேண்டும். மறந்தால் நாளுக்கு 25 டாலர் வீதம் 2,500 டாலர் வரை அபராதம். வீட்டுக்குக் குடியேறிய நாளின் சந்தை மதிப்பே அடக்க விலை என்பதால், கிளம்புமுன் ஒரு மதிப்பீட்டுச் சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். துபாயிலும் சிங்கப்பூரிலும் தனிநபருக்கு இந்தத் தலைவலி இல்லை.

பெற்றோருக்குச் சூப்பர் விசா இருக்கிறது. ஒரு முறை வந்தால் ஐந்து ஆண்டு வரை தங்கலாம். குறைந்தது ஒரு லட்சம் டாலருக்கு மருத்துவக் காப்பீடு எடுத்தாக வேண்டும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ள 70 வயதுக்காரருக்குப் பிரீமியம் எவ்வளவு என்று கேட்டுவிட்டு விசாவைப் பற்றிப் பேசலாம். பெற்றோரை நிரந்தரமாக அழைக்கும் திட்டம் குலுக்கலில் நடப்பது. அதை நம்பித் திட்டம் போட முடியாது. அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்றால் சென்னை, இன்னொரு வெளிநாட்டு விமான நிலையம் என்று மாறி மாறி வந்து சேர ஒரு நாளுக்கு மேல் ஆகும். ஒரே பிள்ளையாக இருப்பவரிடம் இதை நான் மென்மையாகச் சொல்வதில்லை.

## யாருக்கு எது

திருமணம் ஆகாத, 26 வயதுச் செவிலியருக்குத் துபாய் உரிமத் தேர்வும் கனடாவில் செவிலியர் உரிமத்துக்கு எழுதும் என்கிளெக்ஸ் தேர்வும் இரண்டுமே சாத்தியம். துபாயில் மூன்று ஆண்டு வேலை செய்தால் அது கனடாவின் புள்ளிக் கணக்கில் வெளிநாட்டு அனுபவமாகச் சேரும். ஆனால் 30ஐத் தாண்டவிட்டால் சேர்த்த புள்ளியை வயது தின்னத் தொடங்கும். முதலில் துபாய், அங்கிருந்தபடியே 29க்குள் கனடா விண்ணப்பம் என்பது நல்ல வரிசை.

இருவரும் சம்பாதிக்கும், பள்ளி வயதுப் பிள்ளை உள்ள ஐ.டி. தம்பதிக்கு, இருவரில் யாருமே வேலையை விடத் தயாரில்லை என்றால் சிங்கப்பூரைக் கடைசியில் வையுங்கள். இருவருக்கும் தனித்தனியாக ஆஃபர் இருந்தால் மட்டும் முதலில் வையுங்கள்.

வீட்டுக் கடனை அடைக்க வேண்டும், தங்கை திருமணம் இருக்கிறது, ஏழெட்டு ஆண்டில் ஒத்தக்கடைப் பக்கம் கடை போட வேண்டும் என்ற கணக்கு உள்ளவருக்குத் துபாய்தான். குடும்பத்தை இங்கேயே விட்டுப் போனால் சேமிப்பு கூடும். அதன் விலை என்ன என்று வீட்டில் உள்ளவர்களிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

நாற்பதைத் தாண்டியவர் டொரண்டோவுக்கு ஆசைப்பட்டால், புள்ளி கிடைத்தாலும் அங்கே முதல் சில ஆண்டுகள் தகுதிக்குக் கீழான வேலையில் கழியலாம். பிள்ளைகளுக்காக என்று தெளிவாகச் சொல்லிக்கொண்டு போகிறவர்கள் அதைத் தாங்குகிறார்கள்.

## எந்த ஊருக்குப் போனாலும்

கிளம்பியதும் இங்குள்ள சேமிப்புக் கணக்கை வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். அப்படியே ஓட்டிக்கொண்டிருப்பது அந்நியச் செலாவணிச் சட்டப்படி தவறு. வெளிநாட்டிலிருந்து அனுப்பும் பணத்துக்குத் தனியாக என்.ஆர்.இ. கணக்கு.

மேலூர்ப் பக்கம் ஓர் ஏக்கர் வயல், அழகர்கோயில் சாலையில் ஒரு தோப்பு என்று வாங்கிப்போடும் கனவு பலருக்கு உண்டு. வெளிநாட்டில் வசிக்கும் காலத்தில் விவசாய நிலத்தை விலைக்கு வாங்க அனுமதி இல்லை. பூர்வீகமாக வருவது தடையில்லை. வீடும் வீட்டுமனையும் வாங்கலாம். நிலம்தான் குறிக்கோள் என்றால் கிளம்புமுன் கிரயத்தை முடித்துவிடுங்கள், அல்லது திரும்பி வந்தபின் வாங்குங்கள்.

ஏஜென்ட் மூலம் போகிறவர்கள் அவருடைய பதிவு எண்ணை மத்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் தேடிப் பாருங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதன் மேல் ஜி.எஸ்.டி. பத்தாம் வகுப்பு முடிக்காதவரின் பாஸ்போர்ட்டில் குடிபெயர்வு அனுமதி தேவை என்ற குறிப்பு இருக்கும். அவர் துபாய்க்கோ மலேசியாவுக்கோ வேலைக்குப் போக அந்த அனுமதி கட்டாயம். "சுற்றுலா விசாவில் போய் இறங்குங்கள், அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்று சொல்லும் ஏஜென்ட்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்திருந்தால் இன்றே போய்த் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.